சீனன்குடாவில் பிடிபடாத தங்கம்

திருகோணமலைக்கு நான் முதன்முதலாகப் போனது கோயில் பார்க்கவோ கடல் குளிக்கவோ அல்ல. எங்கள் பத்திரிகையில் வந்த ஒரு செய்தி உண்மையா என்று பார்க்கப் போனேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. உலகின் பல மூலைகளில் விமானங்களைக் கடத்துகிறார்கள் என்ற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், நம் நாட்டுக்குள் பறக்கும் சின்ன விமானங்களில் ஏறுகிறவர்களையும் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் ஒப்புநோக்காளராக வேலை. செய்தி அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்த்துத் திருத்துவதுதான் என் தொழில்.

இந்த இணையத்தளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர் சென்ற மாதம் எழுதியிருந்தார். உடம்பில் மருத்துவக் கருவி ஒன்றோடு விமானத்தில் போகப் போகிறாராம். சோதனையில் மானம் போகாமல் தப்ப வழி உண்டா என்று கேட்டிருந்தார். அவருக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை.

முதலில் அந்தச் செய்தி. திருகோணமலையின் சீனன்குடா விமான நிலையத்தில், கிண்ணியாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் உடம்பில் கட்டி மறைத்திருந்த பன்னிரண்டு தங்கக் கட்டிகளோடு பிடிபட்டார் என்று பத்து வரி. பெயர், ஊர், படிப்பிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. உள்ளூர்ச் செய்தியாளர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதி எடுத்திருந்தார்கள். அச்சுப்பிரதி என் மேசைக்கு வந்தது. 'கிண்ணியா'வில் ஒரு புள்ளி தவறியிருந்தது. அதைப் போட்டு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

எட்டாம் நாள் அந்த ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. "நான் பிடிபடவில்லை. என்னிடம் தங்கம் இருக்கவில்லை. என்னைப் பொலிசார் விசாரிக்கவில்லை. நீங்களும் விசாரிக்கவில்லை." கையெழுத்து அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

எங்கள் செய்தி ஆசிரியர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் பெண் நிருபர் எவரும் இல்லை.

"நீர் போம் பிள்ளை. பெண்பிள்ளையிட்ட ஒரு பெண்பிள்ளை போய்க் கேக்கிறதுதான் சரி. பிளேனிலயே போம். சோதனை எப்பிடி நடக்குதெண்டும் பாக்கலாம்" என்றார். நான் கதவடிக்குப் போனதும், "அவ உடம்பில என்னத்தைக் கட்டியிருந்தவ எண்டும் கேட்டுக்கொண்டு வாரும். அது இல்லாட்டி ஆரும் நம்பமாட்டினம்" என்றார்.

இரத்மலானை விமான நிலையம் கோட்டையிலிருந்து தெற்கே ஏழெட்டு மைல். ஏழரை விமானத்துக்கு ஆறரைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு முதல் விமானப் பயணம். சோதனை என்றால் ஒரு நீளமான மேசையும் இரண்டு ஆண்களும்தான். என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்கள். மாதவிலக்குக்கு எடுத்துவைத்திருந்த பஞ்சுப் பொட்டலத்தை ஒருவர் பிரித்து, அழுத்திப் பார்த்து, பிரித்தபடியே விட்டுவிட்டார். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் என்னை அவமானப்படுத்த நினைக்கவில்லை. ஒரு வேலையைச் செய்தார். ஆனாலும் அந்தப் பொட்டலத்தை மறுபடி சுற்றாமலே பையின் அடியில் திணித்தேன். என் பை மட்டும்தான் அது, உடம்பு அல்ல என்று விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு நினைத்துக்கொண்டேன்.

பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. யன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தம்பலகாமத்து வயல்கள் வரும். அவை முடிகிற இடத்தில் நீலம் தொடங்கும். துறைமுகம் நிலத்துக்குள் கையை நுழைத்து வைத்திருப்பதுபோல் கிடக்கும். காட்டுக்குள் எண்ணெய் சேமிக்கும் குதங்கள் வட்டம் வட்டமாகத் தெரியும்.

சீனன்குடாவில் பொறுப்பதிகாரி ஒரு சிங்களவர், நடுத்தர வயது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. பிறகு எதையோ தீர்மானித்தவர்போல் அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய பதிவேட்டை எடுத்தார்.

"ஒருத்தரும் கேக்க இல்ல மிஸ். பேப்பர்ல போட முந்தி ஒரு டெலிபோன் எடுத்தா நாங்க சொல்ற தானே?" என்றார்.

அந்த நாளுக்குரிய பக்கத்தைப் பிரித்தவர், தன் இரண்டு கைகளையும் விரித்து மேலும் கீழும் உள்ள வரிகளை மறைத்தார். நடுவில் ஒரு வரி மட்டும் தெரிந்தது. "மத்த ஆக்கள்ட பேர் உங்களுக்கு வேணாம் தானே" என்றார்.

அந்த வரியில் ஆசிரியையின் பெயர் இருந்தது. பக்கத்தில், 'பெண் உத்தியோகத்தரால் சோதிக்கப்பட்டார். ஆட்சேபிக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. பயணம் செய்தார்.' ஒரு கையொப்பம். எழுதி எடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். தங்கத்தோடு பிடிபட்டவர் எப்படி அதே விமானத்தில் கொழும்புக்குப் போயிருக்க முடியும்? பத்து வரிச் செய்தியை உடைக்க இந்த ஒரு வரி போதும். பதினொரு நாளாக அது அலுமாரிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சோதனை நடந்த இடத்தையும் காட்டினார். மண்டபத்தின் மூலையில் கயிறு கட்டி ஒரு துணித் திரை. அதிலிருந்து ஆறடி தூரத்தில் பயணிகள் உட்காரும் வாங்கு.

வெளியே நின்ற ஒரே வாடகைக் கார் பழைய மொரிஸ் மைனர். சாரதி சிவராசா, பக்கத்துச் சல்லி என்ற ஊர்க்காரர். இரண்டு நாளுக்கும் சேர்த்து அறுபது ரூபா பேசி ஏறினேன். நகரம் ஐந்து மைல் இருக்கும். அரை மைல் போகுமுன் அவரே கதையைத் தொடங்கிவிட்டார்.

"இங்கதான் தங்கச்சி அந்த டீச்சரைப் பிடிச்சவங்கள். இருவத்தஞ்சு கட்டி!"

"பேப்பரில பன்னிரண்டு எண்டுதானே இருந்தது?"

"அது அவங்கள் குறைச்சுப் போட்டவங்கள். என்ர மச்சான் எயாப்போட்டிலதான் வேலை. அவன் சொன்னவன்."

"மச்சான் கண்ணால பாத்தவரோ?"

சிவராசா கியரை மாற்றினார். "இல்லை... அவனும் பேப்பரில பாத்திட்டுத்தான் சொன்னவன்." பிறகு விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "எண்டாலும் ஒரு டீச்சருக்குப் பிளேனில போக என்ன தேவை, சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

அந்தப் பேப்பரின் ஆள் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

பதிவேட்டில் கையொப்பமிட்ட பெண்ணுக்கு அன்று விடுமுறை. நகரத்திலேயே ஓர்ஸ் ஹில்லில் வீடு. பெயரைப் பரமேஸ்வரி என்று வைத்துக்கொள்கிறேன். அது உண்மைப் பெயர் அல்ல. என்னை விட நாலைந்து வயது மூத்தவர். பத்திரிகைப் பெயரைச் சொன்னதும் கதவை மூடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குசினிக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, கோப்பையை என் கையில் தந்த பிறகு, எனக்கு முன்னால் கதிரையில் உட்காராமல் நின்றார்.

"நான்தான் அந்தக் கதையைத் துவக்கினனான்" என்றார்.

வேலையில் சேர்ந்து அப்போது மூன்று கிழமைதானாம். சேலைக்கு மேலால் தடவிப் பார்க்கும்போது டீச்சரின் வயிற்றுப் பக்கம் கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. பயந்துபோய், திரைக்கு வெளியே நின்ற அதிகாரியிடம் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டிருக்கிறார்: "சேர், இவ உள்ளுக்கு என்னவோ கட்டியிருக்கிறா. என்ன செய்யிறது?"

"அவ என்ர கையைப் பிடிச்சு மெல்லமாச் சொன்னவ, என்னெண்டு. காட்டினவ. எனக்கு உடன விளங்கீட்டுது. பதிஞ்சு அனுப்பினன். ஆனா வாங்கில இருந்த ஆக்களுக்கு நான் கேட்டது மட்டும்தானே கேட்டது? அவ சொன்னது கேக்கேல்லையே." பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னத்தைக் கண்டனி எண்டு எத்தினை பேர் கேட்டிட்டினம். ஒருத்தருக்கும் சொல்லேல்ல. உங்களுக்கும் சொல்லமாட்டன்."

எங்கள் செய்தியாளரை அன்று மத்தியானமே அரச அலுவலகமான கச்சேரிக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்டேன். அந்த வாங்கில் இருந்த ஒருவரின் உறவினர் கடையில் சொன்னதை நம்பி அனுப்பியதாக ஒத்துக்கொண்டார். தங்கம் என்று முதலில் சொன்னது யார், பன்னிரண்டு என்று எண்ணியது யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கார் வந்தபோது, பரமேஸ்வரி தெருமுனையில் நின்றார். "நானும் வாறன். அவவிட்ட நான் சொல்லவேண்டியது ஒண்டிருக்கு" என்றார். நகரத்திலிருந்து கிண்ணியாத் துறையடிக்குச் சீனன்குடா வழியாகப் பத்து மைல் வரை. றோட்டு நன்றாக இல்லாததால் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வழியில் சிவராசா பழையபடி தங்கக் கதையைத் தொடங்கினார். பின்னால் இருந்த பரமேஸ்வரி, "அண்ணை, சோதிச்சது நான். தங்கம் இல்லை. ஒரு மண்ணும் இல்லை. அவவுக்குச் சுகமில்லை, அவ்வளவுதான்" என்றார். சிவராசா கண்ணாடியில் அவரை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார்.

இப்போது அங்கே நீளமான பாலம் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். அப்போது மனிதர்களையும் கார்களையும் ஏற்றிக்கொண்டு போன தட்டையான மிதவைக்கு அந்தப் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். பாதை அக்கரையிலிருந்து வர இருபது நிமிடம் காத்திருந்தோம். தயிர்ச்சட்டிகளோடு நாலு பேர், ஒரு மாடு, நாங்கள். நடுத் தண்ணீரில் காற்று உப்பும் சேறுமாக மணத்தது. வேறொரு நாளாக இருந்தால் இரசித்திருப்பேன்.

டீச்சரின் வீடு துறையடியிலிருந்து நடக்கிற தூரம்தான். வேலித் தகரத்தில் யாரோ கரியால் 'தங்கக் கட்டி' என்று எழுதியிருந்தார்கள். அழித்த அடையாளமும், அதன் மேல் மறுபடி எழுதிய அடையாளமும் தெரிந்தன. அவருடைய கணவர் படகு இயந்திரம் திருத்துகிறவர். எங்களைக் கண்டதும் வாசலை மறித்து நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "உடுங்க, வரட்டும்."

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உருவம், தலையில் முக்காடு. பரமேஸ்வரியைக் கண்டதும் எழும்பினார். பரமேஸ்வரி அவருடைய கையைப் பிடித்தபடி, "நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது டீச்சர். மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார்.

"மெதுவாக் கேட்டிருக்கலாம் புள்ள" என்றார் டீச்சர். "உங்களுக்கும் பயம் தானே. இரிங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அத எழுதின ஆளா?"

"இல்லை டீச்சர். எழுத்துப்பிழை பாத்த ஆள். உங்கட செய்தி அச்சுக்குப் போக முதல் நான் வாசிச்சனான். எழுத்தைத் திருத்தினனான். உண்மையோ எண்டு கேக்கேல்ல."

இதைச் சொல்லவேண்டுமென்று நான் திட்டமிட்டு வரவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் வேறெதுவும் வாயில் வரவில்லை. வெளியே கணவர் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பதிவேட்டு வரியை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். 'பயணம் செய்தார்' என்ற சொல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளே 'தங்கக் கட்டி டீச்சர்' என்று கத்தினார்களாம். பெற்றோர் சிலர் அதிபரிடம் போய், இவர் படிப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸிலோ இரயிலிலோ குலுங்கிக்கொண்டு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாது என்று டொக்டர் சொன்னதால்தான் விமானம். அதற்குக் கணவர் தன் சொந்தப் படகை விற்றிருக்கிறார்.

இனிச் செய்தி ஆசிரியரின் கேள்வி. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என்ன கட்டியிருந்தனீங்கள் எண்டு போட்டால், சனம் உடன நம்பும்..."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "தங்கச்சி, எண்ட கையில தங்கம் இல்லெண்டு காட்ட, எண்ட உடம்ப ஊருக்கெல்லாம் காட்டணுமா? அண்டைக்குத் திரைக்குள்ள ஒருத்திதான் பார்த்தா. நீங்க சொல்ற மாதிரிச் செஞ்சா பேப்பர் வாங்குற எல்லாரும் பார்ப்பாங்க."

பேனையைக் கீழே வைத்தேன்.

"கொப்பிய மூடுங்க" என்றார் பிறகு. மூடினேன். "உங்களுக்குச் சொல்றன். பேப்பருக்கில்ல."

சொன்னார். ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு உடம்போடு வைத்திருக்கவேண்டிய மருத்துவப் பொருள் அது. அதற்கு மேல் நான் அன்று எழுதவில்லை, இன்றும் எழுதமாட்டேன். கூடப்பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாத ஒன்றை, தன்னைக் கெடுத்த பத்திரிகையிலிருந்து வந்தவளிடம் அவர் நேராகப் பார்த்துச் சொன்னார். அவர் குரல் நடுங்கவில்லை. அழுதது நான். அவர்தான் எழும்பிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"திருத்தத்தில உங்கட பேரைப் போடாமல் விடட்டோ?" என்று கேட்டேன்.

"பேரப் போட்டுத்தானே கெடுத்தீங்க. பேரப் போட்டே திருத்துங்க."

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டார். சிவப்பரிசிச் சோறு, மீன் ஆணம், மாசிச் சம்பல், கடைசியில் தயிர். சிவராசாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, போகுமுன் கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு வேலித் தகரத்தடிக்குப் போனார். கரி முழுக்கப் போகும்வரை தேய்த்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் இரயிலேறி, விடியக் கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். நேரே அலுவலகத்துக்குப் போனேன். செய்தி ஆசிரியர் என் குறிப்பை வாசித்தார்.

"எல்லாம் சரி. என்ன கட்டியிருந்தவ?"

"எனக்குத் தெரியும் சேர். எழுதமாட்டன்."

"எனக்குச் சொல்லும்."

"உங்களுக்கும் சொல்ல ஏலாது சேர்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஒரு கடதாசியை இழுத்துத் தானே எழுதினார். முதல் செய்தி வந்த அதே பக்கம், அதே இடம், அதே பருமன் எழுத்து. ஆசிரியையின் பெயரைப் போட்டு, அவரிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை, அவர் கைதுசெய்யப்படவில்லை, சோதனை முடிந்து அன்றே பயணம் செய்தார் என்பது நிலையப் பதிவேட்டிலிருந்து உறுதியாகியுள்ளது என்று எழுதினார். கடைசி வரி: 'உரிய இடத்தில் விசாரிக்காமல் செய்தியை வெளியிட்டது எமது தவறு, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.' ஒப்புநோக்க என்னிடமே தந்தார். ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பரமேஸ்வரி கடிதம் எழுதினார். சிவராசா அந்தத் திருத்தத்தை வெட்டி மொரிஸ் மைனரின் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு துறையடிக்கும் நகரத்துக்கும் ஓடுகிறாராம். ஏறுகிறவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறாராம். துணித் திரை போய், பொறுப்பதிகாரி பலகையடித்து, கதவு வைத்த ஒரு சின்ன அறை போட்டுக் கொடுத்திருக்கிறார். டீச்சர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார். பழையபடி எல்லாரும் இல்லை, ஆனால் அதிகம் பேர் கதைக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அந்த 'எல்லாரும் இல்லை' எனக்கு நிறைய நாள் உறுத்தியது. திருத்தம் ஒருபோதும் முதல் செய்தி போன அவ்வளவு தூரம் போவதில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உடம்பில் மருத்துவப் பொருள் இருந்தால் டொக்டரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். வழக்கத்தை விட முக்கால் மணி முந்திப் போங்கள். வரிசையில் உங்கள் முறை வருமுன்பே ஒருவரிடம் மெதுவாக, "தனி அறையில் சோதியுங்கள்" என்று சொல்லுங்கள். அது சலுகை கேட்பதல்ல. உங்களைச் சோதிப்பவரும் பயந்துகொண்டிருக்கலாம். அவருக்கு நேரம் கொடுங்கள். விமான நிலையத்தில் யாரோ பிடிபட்டார் என்று உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தால், கண்டது யார் என்று ஒருதரம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். கைகளால் மற்றப் பெயர்களை மறைத்த அதிகாரி, கூடவே வந்த பரமேஸ்வரி, மேலும் வற்புறுத்தாமல் பேனையை எடுத்த செய்தி ஆசிரியர். எல்லாருக்கும் மேலே டீச்சர். கொப்பியை மூடச் சொன்ன அந்த நிமிடத்தில்தான் எனக்கு இந்தப் பத்திரிகைத் தொழில் விளங்கியது.

டீச்சருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகளோடு கிண்ணியாவில்தான் இருக்கிறார். எழுத அனுமதி தந்தவர் அவர்தான். "ஊரப் போடுங்க. பேர் வேணாம். மத்தது உங்களுக்குத் தெரியும்" என்றார். வெளியிடுமுன் இதை முழுவதும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். அன்று உண்மையைச் சொன்னபோது அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் என் ஞாபகத்தில் இருந்தது.

"நான் அழ இல்ல தங்கச்சி" என்றார். "அழுதது நீங்க. நான்தானே தண்ணி கொண்டுவந்து தந்தன்."

திருத்திவிட்டேன்.